சாவி யார் கையில்?

பிப்ரவரி 3, 2025, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. மொடெஸ்டோவைத் தாண்டி, பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை. பதிவேடும் கணக்கும் பார்க்க நம்பகமான ஆள் வேண்டுமாம். ஐ.டி. வேலை போன பிறகு வந்த முதல் உருப்படியான அழைப்பு. வீட்டில் மனைவியிடம் சொன்னதும், “துப்பாக்கிக் கடையா? ஊர்ல அத்தைகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டாள். கணக்கு வேலை என்று சொல்வதாக இருவரும் முடிவு செய்தோம். பொய்யும் இல்லை.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். சம்பளம் பேசி முடித்ததும் கவுன்டரைக் காட்டி, “சான்றிதழ் வரும்வரை இதைத் தாண்டி உள்ளே வராதீர்கள். தோட்டாப் பெட்டியைக்கூடத் தொட வேண்டாம்” என்றார்.

அவர் சொன்ன சான்றிதழுக்குக் கடையில் ‘சி.ஓ.இ.’ என்று பெயர். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடை இல்லாதவர் என்று மாநில நீதித்துறை கொடுக்கும் தகுதிச் சான்று. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல், துப்பாக்கியைக் கையாளும், விற்கும், எடுத்துக் கொடுக்கும் ஊழியர் ஒவ்வொருவரிடமும் கடைக்காரர் இதைக் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். அதற்கு முன்பு கேட்பதும் விடுவதும் அவர் விருப்பம். தோட்டாவைத் தொடும் ஊழியருக்கும் சான்றிதழ் வேண்டும் என்பது, 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 63ஆவது முன்மொழிவில் வந்தது.

“நான் கணக்குதானே எழுதப்போகிறேன்?” என்றேன்.

“வரிசை எண்ணைப் பார்க்காமல் எப்படி எழுதுவீர்கள்? பார்க்க வேண்டுமென்றால் கையில் எடுக்க வேண்டும். கையில் எடுத்தால் சான்றிதழ் வேண்டும்.”

பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

நீதித்துறையின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு, படிவத்தோடு ரேகை கொடுக்கப் போனேன். ‘லைவ் ஸ்கேன்’ என்கிறார்கள். மை கிடையாது, கண்ணாடிப் பலகைதான். பார்சல் அனுப்புவது, பாஸ்போர்ட் படம் எடுப்பது, நோட்டரி கையெழுத்து எல்லாம் நடக்கும் ஒரு கடை, இதோடு ரேகையும். எனக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் மழலையர் பள்ளி உதவியாளர், இன்னொருவர் வீடு விற்கும் தரகர். கலிஃபோர்னியாவில் ஆசிரியர், செவிலியர், தரகர் எல்லோரும் இந்தக் கண்ணாடியில் விரல் வைத்துத்தான் வேலைக்குப் போகிறார்கள். துப்பாக்கிக் கடை என்று படிவத்தில் பார்த்தும் ரேகை எடுக்கும் பெண்ணின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பத்து விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்ட வேண்டும். அப்புறம் நான்கு விரல்கள் சேர்த்து, கடைசியில் கட்டைவிரல்கள். விரலை நாமே அழுத்தக்கூடாது, அவர்தான் பிடித்து உருட்டுவார். இந்த வேலை செய்யவும் மாநிலச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அவரும் முதலில் தன் ரேகையைக் கொடுத்திருக்கிறார். என் வலது சுட்டுவிரல் ஒரே தடவையில் விழவில்லை. ஈரப்பதம் வர ஏதோ தடவி மறுபடி உருட்டினார். செங்கல் அடுக்குகிறவர்கள், நாள் முழுக்கக் காகிதம் புரட்டுகிறவர்கள், வயதானவர்கள், இவர்களுக்குக் கோடுகள் தேய்ந்துபோயிருக்குமாம். எஃப்.பி.ஐ. இரண்டு தடவை ரேகை தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினால், பெயரை வைத்துத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். நான் ரேகையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை, அவளே ஆரம்பித்தாள். “ரேசன் கடைல எனக்கு ரேகை விழமாட்டேங்குய்யா. கண்ணைக் காட்டச் சொல்லுதாவ.” பாளையங்கோட்டையில் அரிசிக்கு, இங்கே வேலைக்கு. எடுத்த ரேகை எங்கே போகிறது என்று நானாவது படிவத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்: முதலில் சாக்ரமென்டோவில் மாநில நீதித்துறை, அப்புறம் மேற்கு விர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் எஃப்.பி.ஐ.

இந்த ரேகை வேலைக்கு நம் பக்கமும் ஒரு பழைய தொடர்பு உண்டு: உலகத்தின் ஆரம்பகால ரேகைப் பதிவகங்களில் ஒன்று கல்கத்தாவில் தொடங்கியது, 1897இல். கோடுகளை வகை பிரித்து எண்ணாக்கும் முறையில் உழைத்தவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேமச்சந்திர போஸும். அந்த முறைக்கு வழங்கும் பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

பிப்ரவரி 6, வியாழன்

சான்றிதழ் வரும்வரை கடைக்குப் போய்ப் பயனில்லை. சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு மத்தியச் சட்டமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கடை வைக்க ஏ.டி.எஃப். என்கிற மத்திய அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். சாதாரண விற்பனை உரிமத்துக்கு மூன்று வருடத்துக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. விண்ணப்பத்தோடு புகைப்படமும் எஃப்.டி.-258 அட்டையில் பத்து விரல் ரேகையும் போக வேண்டும். யாருடைய ரேகை? உரிமையாளர், பங்குதாரர், நிர்வாகத்தை நடத்தும் அதிகாரம் உள்ளவர். ‘பொறுப்பாளர்’ என்கிறது படிவம். கவுன்டரில் நின்று பகல் முழுக்கத் துப்பாக்கி எடுத்துக் காட்டுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

வாங்க வருபவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் சோதிக்கிறார்கள். 4473 படிவம் நிரப்ப வேண்டும், என்.ஐ.சி.எஸ். என்ற எஃப்.பி.ஐ. பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். 1998 நவம்பர் 30 முதல் இது நடக்கிறது. ஒரு துப்பாக்கி வாங்குகிறவருக்கு இத்தனை. ஆயிரம் துப்பாக்கி கைமாறும் இடத்தில் நிற்பவருக்கு மத்தியச் சட்டத்தில் கட்டாயச் சோதனை எதுவும் இல்லை. 2022இல் பைடன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு வழி திறந்தது. கடைக்காரர் விரும்பினால் ஊழியரையும் அதே பட்டியலில் தேடிப் பார்க்கலாம். விரும்பினால் மட்டும்.

இதைவிட ஆச்சரியம் வெடிமருந்து. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002இல், பாதுகாப்பான வெடிபொருள் சட்டம் வந்தது. அதன்படி வெடிபொருள் கையில் வரக்கூடிய ஒவ்வொரு ஊழியரின் பெயரும் ஏ.டி.எஃப்.புக்குப் போக வேண்டும், லாரி ஓட்டுகிறவர் உட்பட. தடை இல்லை என்று பதில் முதலாளிக்கு வரும். டைனமைட் ஏற்றிப்போகிறவரைச் சோதிக்கிற அதே அலுவலகம் கைத்துப்பாக்கி விற்கிறவரைச் சோதிப்பதில்லை. அதிகாரிகள் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்றம் ஒன்றைக் கட்டாயமாக்கியது, மற்றதை ஆக்கவில்லை.

மிச்சத்தை மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி நிரப்பியிருக்கின்றன. இல்லினாயில் 2019இல் கடைகளுக்கு மாநில உரிமச் சட்டம் வந்தது. நியூ ஜெர்சியில் கடை ஊழியர் தன் பெயரிலேயே உரிமம் வாங்க வேண்டும். பல மாநிலங்களில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

நேற்று அதிபர் ட்ரம்ப் துப்பாக்கி உரிமை பற்றி ஓர் ஆணையில் கையெழுத்திட்டிருக்கிறார். முந்தைய அரசின் விதிகளை எல்லாம் 30 நாளில் அட்டர்னி ஜெனரல் ஆராய்ந்து திட்டம் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன், “எனக்கு இன்னும் ரேகை தேவையா?” சிரித்தார். “அது வாஷிங்டன். உங்கள் விரல் சாக்ரமென்டோவுக்குப் போனது.”

பிப்ரவரி 9, ஞாயிறு

லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயில். தைப்பூசம் செவ்வாய்க்கிழமை, வேலை நாள். அதனால் இன்றே நல்ல கூட்டம். பிரசாத வரிசையில் நண்பரின் தம்பி பிடித்துக்கொண்டான். “அண்ணா, துப்பாக்கிக் கடைல சேர்ந்துட்டீங்களாமே! ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா. கைல வெச்சு ஒரு போட்டோ எடுத்தா போதும்.”

அவன் ஹெச்-1பி விசாவில் இருப்பவன். நல்லவேளை படித்திருந்தேன். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை, சுடுமிடத்தில் வாடகைக்கு எடுத்தாலும் அதே கதை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. 1997 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் கைத்துப்பாக்கி வாங்கிப் போய் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பார்வை மாடத்தில் சுட்டார். அடுத்த வருடம் இந்த விதி வந்தது.

“போட்டோவுக்குக்கூடவா அண்ணா?”

“போட்டோதான் தம்பி சாட்சியே.”

முகம் வாடிவிட்டது. சர்க்கரைப் பொங்கலில் என் பங்கையும் அவனுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

கடைக்காரர் வரச் சொன்னார், கவுன்டருக்கு வெளியே உட்கார்ந்து பழைய விலைப்பட்டியல்களை அடுக்க. மாலை கடை மூடுவதை முழுக்கப் பார்த்தேன். சுவரில் சாத்தியிருக்கும் ரைஃபிள்களின் விசைக்காப்பு வழியாக எஃகுக் கயிற்றைக் கோத்து இழுத்துப் பூட்டுகிறார்கள். கைத்துப்பாக்கிகள் தட்டுத்தட்டாக இரும்புப் பெட்டகத்துக்குள் போகின்றன. கொல்லையில் இருக்கும் அறைக்குத் தனிச் சாவி. 2024 முதல் கட்டாயமாகிவிட்ட கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்கின்றன.

சான்றிதழ் விதியை மறுபடி படித்தபோது முதலில் கவனிக்காத ஒரு பத்தி இப்போது கண்ணில் பட்டது. தடைக்கு உட்பட்டவர் என்று தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய ஊழியரைப் பூட்டப்படாத எந்தத் துப்பாக்கிக்கும் அருகே விடக்கூடாது. அந்தப் பூட்டுகளின் சாவி, எண், குறியீடு எதுவும் அவர் கைக்குப் போகக்கூடாது. சட்டம் எழுதியவர்களுக்குக் கடை தெரிந்திருக்கிறது. துப்பாக்கிக் கடையில் விற்பனையாளரைவிட அதிகாரம் உள்ளவர் ராத்திரி பூட்டுகிறவர்.

எனக்கு இப்போதைக்கு அலமாரிச் சாவிகூட இல்லை. கழிவறைச் சாவி மட்டும் உண்டு.

பிப்ரவரி 15, சனி

கடையின் பின்கட்டில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் இருக்கிறார். உலோகத் தூசியும் எண்ணெயும் படிந்த விரல்கள். என் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றதும் தன் கதையைச் சொன்னார். 2018இல் விதி வந்தபோது அவருக்கு அங்கே நீண்டகால அனுபவம். ரேகை கொடுத்தார், பதில் தாமதமானது. இளவயதில் ஒரு மதுக்கடைத் தகராறில் கைதாகியிருக்கிறார். வழக்குத் தள்ளுபடி. ஆனால் மாநிலப் பதிவில் கைது மட்டும் இருந்தது, முடிவு இல்லை. மாவட்ட நீதிமன்றத்தின் பழைய கோப்புகளில் தேடச் சொல்லி, சான்று வாங்கி அனுப்பி, அதுவரை கடையில் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாராம். “என் கையால் சரிசெய்த துப்பாக்கியை நானே தொடக்கூடாது” என்றார். கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கைதுப் பதிவில் வழக்கின் முடிவு ஏறாமல் கிடப்பது அமெரிக்கா முழுக்க உள்ள பழைய நோய். அது தவறு செய்யாதவரை நிறுத்திவைக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு, நிறுத்த வேண்டியவரை விட்டுவிடும். 2017 நவம்பர் 5, டெக்சஸில் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற கிராமத்துத் தேவாலயம். சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் குழந்தையையும் தாக்கியதற்காக 2012இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அவனால் சட்டப்படி துப்பாக்கி வாங்கியிருக்க முடியாது. ஆனால் விமானப்படை அவனுடைய ரேகை அட்டையையும் தீர்ப்பையும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவில்லை. கடையில் தேடினார்கள், தடை இல்லை என்று வந்தது. கருவிலிருந்த சிசுவையும் சேர்த்து 26 பேர் செத்தார்கள். 2021இல் ஒரு மத்திய நீதிபதி அரசின் பொறுப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பளித்தார். 2023இல் அரசு 14.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

கண்ணாடியில் விரலை எத்தனை கவனமாக உருட்டினாலும், மறுமுனையில் யாரோ ஒரு எழுத்தர் கோப்பைச் சேர்த்திருந்தால்தான் அதற்குப் பொருள். பெரியவருக்கு இதைச் சொன்னேன். “அப்போ எழுத்தருக்கு ரேகை எடுங்கள்” என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார்.

பிப்ரவரி 19, புதன்

தோப்புகள் பூத்துவிட்டன. வழி முழுக்க வெள்ளை.

கடைக்காரர் இன்று பதிவேட்டை விளக்கினார். கவுன்டருக்கு வெளியே என்னை நிறுத்தியே. உள்ளே வந்தது ஒரு பக்கம், வெளியே போனது ஒரு பக்கம். தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், வகை, குழல் அளவு, யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் தேதி. ஒரு துப்பாக்கி காணவில்லை என்று தெரிந்தால் 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர்க் காவலுக்கும் சொல்ல வேண்டும்.

“தெரிந்தால்தானே?” என்றேன்.

“அதுதான் விஷயம்” என்று வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா கடையைப் பற்றிச் சொன்னார். 2002 அக்டோபரில் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி இருவர் மறைந்திருந்து சுட்டு 10 பேரைக் கொன்றார்களே, அந்த புஷ்மாஸ்டர் ரைஃபிள் புல்ஸ் ஐ ஷூட்டர் சப்ளை என்ற அந்தக் கடையுடையது. விற்றதற்குத் தாள் இல்லை. இருவரில் மூத்தவர்மீது குடும்ப வன்முறைத் தடையாணை இருந்தது, இளையவனுக்கு 17 வயது. இருவருக்கும் எந்தக் கடையும் சட்டப்படி விற்றிருக்க முடியாது. திருடியதாக அந்தப் பையன் பின்னர் சொன்னான். கடையைத் தணிக்கை செய்தபோது இருநூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கு இல்லை. 2003இல் உரிமம் போனது. 2004இல் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 25 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே ஊழியர் எல்லோரும் ரேகை கொடுத்த உத்தமர்களாகவே இருந்திருந்தாலும், எண்ணாமல் விட்டிருந்தால் அந்த ரைஃபிள் போயிருக்கும். இருப்பை ஆண்டுக்கு ஒருமுறை எண்ண வேண்டும் என்று கடைகளுக்கு உத்தரவிட ஏ.டி.எஃப்.புக்கு அதிகாரம் இல்லை. நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் நாடாளுமன்றம் சேர்த்த டியார்ட் திருத்தம் அதைத் தடுக்கிறது. பலசரக்குக் கடையில் சோப்பை எண்ணுகிறார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். துறுதுறுப்பு, வேட்டையில் வளர்ந்தவன், எல்லா மாதிரியும் தெரிகிறது. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “கஞ்சா?” வார இறுதியில் எப்போதாவது என்றான். கலிஃபோர்னியாவில் அது 2016 வாக்கெடுப்பிலிருந்தே சட்டப்படி சரி. மத்தியச் சட்டத்தில் சரியில்லை. கஞ்சா பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது, மாநிலம் அனுமதித்தாலும் இதுதான் நிலை என்று 4473 படிவத்திலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. அவனை அனுப்பிவிட்டார்.

கைதாகாதவனுக்கு ரேகையில் என்ன தெரியும்? விண்ணப்பித்திருந்தால் அவனுக்குச் சான்றிதழ் வந்திருக்கக்கூடும். அவன் பொய் சொல்லாமல் போனதுதான் அவனை நிறுத்தியது.

பிப்ரவரி 24, திங்கள்

வந்துவிட்டது. ஒரே பக்கம். பெயர், எண், காலாவதி தேதி. ஒரு வருடம் செல்லும்.

காகிதத்தைவிட அதற்குப் பின்னால் இருப்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. என் ரேகை மாநில நீதித்துறையில் தங்கிவிட்டது. நாளைக்கே நான் கைதாகி, துப்பாக்கி வைத்திருக்கத் தடை வந்தால், நீதித்துறை கடைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனைவி நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினாலும், கட்டாய மனநல அனுமதி நேர்ந்தாலும், மாநிலம் பட்டியலிட்ட சில சிறு குற்றங்களில் தண்டனை வந்தாலும் தடைதான். அந்தச் சிறு குற்றத் தடை பெரும்பாலும் பத்து வருடம். குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடம் துப்பாக்கி கூடாது என்ற மத்திய விதியைச் சென்ற ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமும் 8-1 என்று உறுதி செய்திருக்கிறது.

வாங்குகிறவரைச் சோதிப்பது அந்த நிமிடத்துக்கு மட்டும். என்மீதான பார்வை நான் அந்த வேலையில் இருக்கும்வரை மூடாது. இது எனக்குப் பிடித்திருக்கிறதா? வீட்டில் அவள் கேட்டாள், “உங்க ரேகை அங்கேயே கிடக்குமா?” கிடக்கும். என் விரலை அரசு வைத்திருப்பதில் எனக்கு ஒரு சின்ன முள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாவி கேட்டு வந்தவன் நான். சாவி கொடுப்பவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று புகார் சொல்ல எனக்கு வாயில்லை.

மார்ச் 1, சனி

கவுன்டருக்கு உள்ளே முதல் சனிக்கிழமை. முதலில் கையில் எடுத்த கைத்துப்பாக்கி நினைத்ததைவிடக் கனம். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் திறந்து பார், பக்கத்திலிருப்பவருக்கும் காட்டு என்றார்கள். செய்தேன்.

மதியம் ஒரு ஜோடி வந்தது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவன் அவன். கேள்வி கேட்டவன் அவன். படிவம் நிரப்ப முன்வந்தது அவள். பணத்தை அவன் அவள் கையில் திணிப்பதை விற்பனை செய்யும் அம்மா பார்த்துவிட்டார். படிவத்திலேயே கேள்வி இருக்கிறது: உண்மையில் வாங்குவது நீங்கள்தானா? தடை உள்ளவர் என்று தெரிந்தும் வேறொருவருக்காக வாங்குவது அந்த 2022 சட்டப்படி 15 வருடம்வரை சிறைக்குரிய தனிக் குற்றம். அவர் குரல் உயர்த்தாமல், “இன்றைக்கு இந்த விற்பனை நடக்காது” என்றார். அவன் கத்தினான். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேநீர் நேரத்தில் அவர் நியூ ஹாம்ப்ஷயர் கதையைச் சொன்னார். 2009இல் ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூவரையும் விற்பனைச் சோதனை தடுக்கவில்லை. அதன்பிறகு அங்கே கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து, கவுன்டரில் நிற்பவர் என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்கலாம் என்று எழுதினார்கள். அவசரம், எந்தத் துப்பாக்கி என்ற அக்கறையின்மை, பராமரிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதது. கலிஃபோர்னியாவில் வாங்கியவர் பத்து நாள் காத்திருந்துதான் எடுத்துப்போக முடியும். அந்தப் பத்து நாள் சில உயிர்களைக் காக்கும். ஆனாலும் முகத்தைப் பார்ப்பது கவுன்டரில் நிற்பவரின் வேலை. 2026 ஜூலை முதல் இங்கே ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமாகிறது. பினாமி வாங்குகிறவரையும் உயிரை மாய்க்கும் எண்ணத்தில் வருகிறவரையும் அடையாளம் காண்பது அதில் பாடம்.

மார்ச் 4, செவ்வாய்

அரிசோனாவிலிருந்து மொத்த வியாபாரியின் பிரதிநிதி வந்திருந்தார். என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, தான் பல வருடம் கவுன்டரில் நின்றதாகவும், தன் விரலை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். “நான் என்ன திருடிவிட்டேனா?” என்று கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வி.

கடைக்காரரும் அரசியலில் அவர் பக்கம்தான். ஒவ்வொரு புதிய விதிக்கும் முணுமுணுப்பார். சென்ற ஜூலையில் வந்த 11 சதவீத வரியைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் இதில் மட்டும் மாறுபட்டார். “நீ திருடவில்லை. ஆனால் உன்னைப்போலவே ஒருவன் வந்து வேலை கேட்டால் எனக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் ஊர்க்காரன் மகன் என்றால் சேர்த்துக்கொள்வோம். இப்போது யார் எந்த ஊர் என்றே தெரியவில்லை.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பாளையங்கோட்டைக்காரனுக்கு மொடெஸ்டோ பக்கத்தில் ஜாமீன் நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு பக்கக் காகிதம் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்காது. விதி வேலி போடுகிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அறிமுகம் இல்லாதவனுக்கு அது வாசலாகவும் இருக்கிறது. என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

மார்ச் 7, வெள்ளி

மூடும் நேரத்தில் கடைக்காரர் பெட்டகத்தின் இரண்டாவது சாவியை என்னிடம் நீட்டினார். வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனை சொன்னேன். வெள்ளிதோறும் இருப்பை எண்ணுவோம். எண்ணுகிறவர் இருவர், அதில் ஒருவர் சாவி இல்லாதவர். பதிவேட்டை எழுதும் நான் அந்தச் சாவி இல்லாதவனாக இருக்கிறேன். சாவியும் பதிவேடும் ஒரே கையில் சேர்ந்தால், காணாமல் போனதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

“சட்டம் கேட்கவில்லையே” என்றார்.

“கேட்கவில்லை.”

ஊழியரைத் தேர்ந்தெடுக்கச் சான்றிதழ் உதவும். தேர்ந்தெடுத்த பிறகு நடப்பதற்கு எண்ணிக்கைதான் சாட்சி. சட்டம் முதல் பாதியைச் செய்திருக்கிறது, அதற்கு அதை மதிக்கிறேன். மறுபாதியைக் கடைதான் செய்ய வேண்டும்.

வெகுநேரம் முணுமுணுத்தார். வெள்ளி மாலை வியாபார நேரம், ஆள் இல்லை, இதற்குத் தனிச் சம்பளமா என்றார். கடைசியில் பழுதுபார்க்கும் பெரியவரைக் கூப்பிட்டு, “இனி வெள்ளிக்கிழமை அரை மணி முன்னதாக அடைக்கிறோம்” என்றார். பெரியவர் ஏன் என்று கேட்டார். எண்ணுவதற்கு என்றேன். சரி, நான் வாசிக்கிறேன், நீங்கள் சரிபாருங்கள் என்று அவரே முதல் தட்டை வெளியே எடுத்தார்.